கேம் வீடியோவுக்கும் இஸ்னாது உண்டு



பிறர் பொருளைக் கேட்காமல் எடுப்பது பாவம் என்பதை நம் வீட்டுச் சிறு பிள்ளையும் அறியும். ஆனால் பிறருடைய யோசனையை எடுத்துக்கொண்டு, அவர் பெயரை மறைத்து, தன்னுடையது போலக் காட்டுவது பாவமா என்று கேட்டால் பெரியவர்களும் சற்றுத் தயங்குகிறார்கள். "யோசனைக்கு ஏது பூட்டு?" என்கிறார்கள். பூட்டு இல்லைதான். ஆனால் பூட்டு இல்லாத வீட்டுக்கும் சொந்தக்காரர் ஒருவர் உண்டல்லவா? இந்த மாதப் பாடத்தில் இதனையே ஆராய்வோம். நம் பிள்ளைகள் இன்று அதிகம் புழங்கும் இடமாகிய கேம் வீடியோக்களையே இதற்கு உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

எல்லை ஊரின் சோதனை

ஓசூர், பர்கூர், போச்சம்பள்ளி ஆகிய இடங்களின் தொழிற்பேட்டைகளில் ஷிஃப்ட் முடித்து அறைக்குத் திரும்பும் வாலிபர்களில் பலர், செல்போனில் தாங்கள் ஆடும் ஆட்டத்தைப் பதிவு செய்து, அதற்கு மேல் பேசி, வெட்டி ஒட்டி, யூடியூபில் ஏற்றுகிறார்கள். சிலருக்கு அது பொழுதுபோக்கு. சிலருக்குச் சம்பளத்தோடு சேரும் சிறு வருமானம். ஆட்டத்தை எல்லோரும்தான் ஆடுகிறார்கள். ஆகவே ஒருவருடைய வீடியோவைத் தனித்துக் காட்டுவது அவர் கதை சொல்லும் விதம், சிரிக்க வைக்கும் விதம், காட்சிகளைக் கோக்கும் விதம், தாமே கட்டிய மேப் முதலியவைதாம். இவைதாம் அவருடைய உழைப்பு; அவருடைய முதல்.

இப்பகுதியில் வாழ்வோருக்கு அல்லாஹ் ஒரு தனிச் சிறப்பை அளித்திருக்கிறான். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கும் ஒரே டீக்கடையில் கேட்கும் ஊர்கள் இவை. அந்தச் சிறப்பே ஒரு சோதனையாகவும் ஆகிவிடுகிறது. பெங்களூரில் ஒரு வாலிபர் தம் சிறிய சேனலில் கன்னடத்தில் ஒரு புதிய முறையைக் கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓசூரில் இருப்பவர் அதைப் பார்க்கிறார், மகிழ்கிறார், அதே முறையில் தமிழில் செய்கிறார். தமிழில் பார்ப்போர் கன்னடச் சேனலைப் பார்ப்பதில்லை. "என்ன புதுமை! என்ன மூளை!" என்று பாராட்டு குவிகிறது. அப்போது அவர் வாய் திறந்து, "இது இன்னாருடைய முறை, அவரிடம் பார்த்துக் கற்றேன்" என்று சொல்ல வேண்டுமா, வேண்டாமா?

ஜூஜுவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவே மாநில எல்லையைக் கடக்கும் சரக்கு லாரியைப் பாருங்கள். 2018 ஏப்ரல் முதல், ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் விட்டு மாநிலம் செல்வதாயின் பொதுவாக 'இ-வே பில்' வேண்டும். அனுப்பியவர் யார், பெறுபவர் யார் என்பது அதில் இருக்கும். எல்லையைத் தாண்டியதால் சரக்கின் பிறப்பிடம் அழிந்துவிடுவதில்லை. மொழி எல்லையைத் தாண்டும் யோசனைக்கு மட்டும் அது ஏன் அழிய வேண்டும்?

மார்க்கம் காட்டும் அளவுகோல்

ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிப்பதாக திர்மிதீயில் பதிவாகியுள்ள ஒரு ஹதீஸின் கருத்தைக் கவனியுங்கள். ஒருவருக்கு ஒன்று கொடுக்கப்பட்டால், வசதி இருந்தால் அவர் பதில் செய்யட்டும். வசதி இல்லையென்றால் கொடுத்தவரைப் புகழ்ந்து சொல்லட்டும். புகழ்ந்தவர் நன்றி செலுத்திவிட்டார். மறைத்தவர் நன்றி கொன்றவராகிவிட்டார் என்று நாயகம் (ஸல்) அவர்கள் போதித்தார்கள். அத்தோடு நிறுத்தாமல், தனக்குக் கொடுக்கப்படாத ஒன்றைக் கொண்டு தன்னை அலங்கரித்துக் காட்டுபவர், பொய்யால் நெய்த இரு ஆடைகளை அணிந்தவரைப் போன்றவர் என்றும் எச்சரித்தார்கள்.

இவ்விரு கருத்துகளும் ஒரே ஹதீஸில் சேர்ந்து வந்திருப்பதில் பெரும் படிப்பினை இருக்கிறது. தந்தவரை மறைப்பதும் பொய் ஆடை அணிவதும் இரு தனிக் குற்றங்களல்ல. முதலாவதைச் செய்தவர் தம்மை அறியாமலே இரண்டாவதற்குள் வந்துவிடுகிறார். "இது என்னுடையது" என்று அவர் வாயால் சொல்லாமல் இருக்கலாம். ஆனால் பாராட்டு வரும்போது மௌனமாகப் பெற்றுக்கொண்டால், அந்த மௌனமே ஆடையாகிவிடுகிறது. செய்யாத ஒன்றிற்காகப் புகழப்பட விரும்புவோரைத் திருமறையும் (3:188) கடுமையாக எச்சரிக்கிறது. அங்கே கண்டிக்கப்படுவது பேச்சு மட்டுமல்ல, அந்த விருப்பமும்தான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இஸ்னாது என்னும் பாரம்பரியம்

இஸ்னாது என்றால் என்ன? ஒரு செய்தி யாரிடமிருந்து யாருக்கு வந்து, நம்மை எப்படி அடைந்தது என்று பெயர் பெயராகச் சொல்லும் சங்கிலி. ஹிஜ்ரி 181-ல் மறைந்த அப்துல்லாஹ் இப்னு முபாரக் (ரஹ்) அவர்கள் இதனை மார்க்கத்தின் ஒரு பகுதியாகவே கருதினார்கள். இன்றும் மதரஸாவில் ஓதி முடிப்பவருக்கு ஸனது வழங்கப்படுகிறது. "நான் தானாக முளைத்தவன் அல்லன், எனக்கு உஸ்தாது உண்டு, அவருக்கும் உஸ்தாது உண்டு" என்பதற்கு அது சாட்சி.

ஹதீஸ் கலை வல்லுநர்கள் இதில் எவ்வளவு நுணுக்கம் காட்டினார்கள் தெரியுமா? உஸ்தாது சொல்ல, தாம் காதால் கேட்டிருந்தால் 'ஹத்தஸனா' என்பார்கள். உஸ்தாதின் முன் வாசிக்கப்பட்டு அவர் ஒப்புக்கொண்டிருந்தால் 'அக்பரனா' என்பார்கள். அவர் எழுதி வைத்ததைக் கண்டெடுத்திருந்தால் 'வஜத்து' என்பார்கள். இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள் முதலிரு சொற்களுக்கும் உள்ள வேறுபாட்டைக்கூடத் தம் நூலில் விடாமல் குறித்துச் சென்றார்கள். யாரிடம் பெற்றோம் என்பது மட்டுமல்ல, எப்படிப் பெற்றோம் என்பதையும் சொல்வதே முழு நாணயம்.

வீடியோ செய்பவரும் இதைப் பின்பற்றலாம். "இன்னாரைப் பார்த்து இந்த எண்ணம் வந்தது" என்பது ஒன்று. "இன்னாருடைய முறையில் செய்திருக்கிறேன்" என்பது வேறு. "இந்த மேப் இன்னார் கட்டியது; கேட்டுப் பெற்றேன்" என்பது மூன்றாவது. மூன்றையும் "நன்றி நண்பர்களே" என்ற ஒரே சொல்லில் கரைத்துவிடுவது இஸ்னாது ஆகாது.

ஆட்டங்களின் சங்கிலி

"கேம் உலகத்தில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்?" என்று சிலர் கேட்கலாம். பார்க்கிறார்கள் என்பதற்குச் சான்றுகள் உள.

நம் வாலிபர்களுக்கு நன்கு தெரிந்த பப்ஜியை எடுத்துக்கொள்வோம். 2020 செப்டம்பரில் நம் நாட்டில் அதன் மொபைல் ஆட்டம் தடை செய்யப்பட்டது. 2021-ல் வேறு பெயரோடு திரும்பி வந்தது. 2017-ல் வெளிவந்த மூல ஆட்டத்தை வடிவமைத்தவர் அயர்லாந்துக்காரரான பிரெண்டன் கிரீன். கடைசியில் ஒருவர் மட்டுமே மிஞ்சும் இந்த அமைப்புக்கு 2000-ல் வந்த 'பேட்டில் ராயல்' என்ற ஜப்பானியத் திரைப்படம் தமக்குத் தூண்டுதலாயிற்று என்று அவர் வெளிப்படையாகவே சொல்லி வந்தார். அத்திரைப்படம் கோஷுன் தகாமி 1999-ல் வெளியிட்ட நாவலிலிருந்து எடுக்கப்பட்டது. கிரீன் தம் முதல் முயற்சியைச் செய்ததோ, நியூசிலாந்தின் டீன் ஹால் 2012-ல் உருவாக்கிய 'டே-இசட்' என்னும் மாற்று ஆட்டத்தின் மேல். நாவல், திரைப்படம், டே-இசட், கிரீன், பப்ஜி! இதனைச் சொன்னதால் கிரீனின் புகழ் ஓர் அணுவளவும் குறைந்ததா? குறையவில்லை.

இன்னொரு நிகழ்ச்சி இதைவிடப் படிப்பினை மிக்கது. 'இன்னர்ஸ்லாத்' என்பது அப்போது மிகச் சிலரே கொண்டிருந்த ஒரு சிறு நிறுவனம். அது 2018-ல் வெளியிட்ட 'அமாங் அஸ்' என்ற ஆட்டம் 2020-ல் உலகெங்கும் பரவியது. கூட்டத்தில் ஒளிந்திருக்கும் வேடதாரியைக் கண்டுபிடிப்பதே அந்த ஆட்டம். அதற்கும் முன்னோடி உண்டு. மாஸ்கோவில் மாணவராயிருந்த திமித்ரி டேவிடாஃப் 1986-ல் உருவாக்கிய 'மாஃபியா' என்ற கூட்ட விளையாட்டே அது. 2021 ஆகஸ்டில் எபிக் என்னும் பெரு நிறுவனம் தன் 'ஃபோர்ட்நைட்' ஆட்டத்தில் வெகுவாக அதே அமைப்புள்ள ஒரு பகுதியைச் சேர்த்தது. அமாங் அஸ் பெயரைச் சொல்லவில்லை. சிறு நிறுவனத்தார் தங்கள் மன வருத்தத்தை வெளியிட்டார்கள். தங்களோடு சேர்ந்து செய்திருக்கலாமே என்பதே அவர்கள் ஆதங்கம். அதே ஆண்டு அக்டோபரில் எபிக் தன் அறிவிப்பில் அப்பகுதி அமாங் அஸ் ஆட்டத்தால் தூண்டப்பட்டது என்று பெயர் சொல்லி எழுதியது. 2022-ல் இரு தரப்பாரும் சேர்ந்தே செயல்பட்டார்கள். பெயர் சொல்லப்பட்டதும் வருத்தம் உறவாக மாறியது. முதலிலேயே சொல்லியிருந்தால் வருத்தமே வந்திராது.

நம் முன்னோர்களின் வழியும் இதுவே. சதுரங்கம் நம் நாட்டிலிருந்து பாரசீகம் வழியாக அரபுகளிடம் சென்றபோது, 'சதுரங்க' என்ற பெயரே 'ஷத்ரஞ்ச்' என்று திரிந்து உடன் சென்றது. அது ஹிந்திலிருந்து வந்தது என்று அரபு வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்தார்கள். அதை ஆடலாமா என்பதில் ஃபுகஹாக்களிடையே நெடிய கருத்து வேறுபாடு உண்டு. எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்வதில் ஒளிவு மறைவில்லை. எண்களையும் அரபுகள் 'இந்திய எண்கள்' என்றே அழைத்தார்கள்.

நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து மாந்தோப்பிலும் இதே பாடம் இருக்கிறது. இங்கே விளைந்து, இங்கேயே கூழாகி, வெளிநாடு வரை செல்லும் மாங்காய்க்கு நம் விவசாயிகள் சொல்லும் பெயர் 'பெங்களூரா'. அயலூரின் பெயரைச் சொல்வதால் நம் தோப்பு வறண்டுவிடவில்லை.

பெரியவரைச் சொல்லி, சிறியவரை மறைத்தல்

இனி நாம் சொல்லப் போவதே இப்பாடத்தின் மையம். யாரையும் சொல்லாதவர்களைவிட, ஒருவரைச் சொல்லி மற்றொருவரை மறைப்பவர்கள் அதிகம்.

ஹதீஸ் கலையில் 'தத்லீஸ்' என்று ஒரு குறை உண்டு. அறிவிப்பாளர் தமக்கு உண்மையில் செய்தி தந்த, அத்துணைப் பெயரில்லாத ஒருவரை விட்டுவிட்டு, அவருக்கு மேலே உள்ள பெரியவரிடமே நேரில் கேட்டதுபோல் தோன்றச் சொல்வது. அவர் சொன்ன சொல்லில் நேரடிப் பொய் இராது. தோற்றத்தில் பொய் இருக்கும். ஹிஜ்ரி 160-ல் மறைந்த ஷுஃபா (ரஹ்) அவர்கள் இதனைப் பொய்யின் உடன்பிறப்பாகவே கண்டார்கள். வியாபாரத்தில் சரக்கின் குறையை மறைத்து விற்பதற்கும் ஃபிக்ஹில் இதே சொல்தான்.

இதைக் கேம் வீடியோவில் வைத்துப் பாருங்கள். ஓசூர் வாலிபர் தம் வீடியோவில், "எனக்கு இன்ஸ்பிரேஷன் அமெரிக்காவின் இன்ன பெரிய சேனல்" என்கிறார். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அந்த வாரம் அவர் எடுத்துக்கொண்ட முறை, நூறு பேர்கூடப் பார்க்காத, பக்கத்து ஊர்ப் பிள்ளை ஒருவருடையது. பெரியவர் பெயரைச் சொன்னால் தமக்குக் கௌரவம், சிறியவர் பெயரைச் சொன்னால், "அவனைப் பார்த்தா செய்தாய்?" என்ற கேள்வி வரும். ஆகவே பெரியவரைச் சொல்லி, சிறியவரை விழுங்கிவிடுகிறார்.

அமெரிக்கச் சேனலுக்கு இவர் பெயர் சொன்னாலும் ஒன்றுதான், சொல்லாவிட்டாலும் ஒன்றுதான். அந்தச் சிறு பிள்ளைக்கோ ஒரே ஒரு முறை பெயர் சொல்லப்படுவது, அடுத்த வீடியோ செய்யலாமா, விட்டுவிடலாமா என்பதையே தீர்மானிக்கக்கூடும். ஹக்கு யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கே அது மறுக்கப்படுகிறது. பெயர் சொல்வது நம் சேனலுக்கு அலங்காரம் அன்று, பிறருடைய ஹக்கு. அலங்காரத்திற்குப் பெரியவர்களைத் தேடுவோம். ஹக்கை நிறைவேற்ற உண்மையானவரைத் தேட வேண்டும்.

சட்டம் எதுவரை?

யோசனைக்கும் கருப்பொருளுக்கும் காப்புரிமை இல்லை. அதை வெளிப்படுத்திய வடிவத்திற்கே உண்டு என்று நம் உச்ச நீதிமன்றம் 1978-ல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் தெளிவுபடுத்தியது. ஒரு நாடகத்தைப் போலவே திரைப்படம் எடுக்கப்பட்டது என்ற வழக்கு அது. மறுபுறம், 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, ஆசிரியர் தம் உரிமையை விற்றுவிட்ட பிறகும் 'இது என் படைப்பு' என்று சொல்லும் உரிமையை அவரிடமே விட்டு வைக்கிறது. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும், நூலாக்கம், கண்டுபிடிப்பு முதலியவற்றின் உரிமைகள் ஷரீஅத்தின் பாதுகாப்புக்குரியவை, அவற்றில் அத்துமீறுவது கூடாது என்று தீர்மானித்தது.

ஆக, வடிவத்தைத் திருடினால் சட்டம் பிடிக்கும். தூண்டுதலை மறைத்தால் சட்டம் பிடிக்காது. சட்டம் நிற்கும் இடத்திற்கு அப்பால்தான் தக்வாவின் வேலை தொடங்குகிறது.

சில மஸ்அலாக்கள்

1. ஓர் ஆட்டத்தை ஆடும் எல்லோரும் செய்யும் பொதுவான காரியங்களுக்கு யார் பெயரையும் சொல்ல வேண்டியதில்லை. தொழுகைக்கு அழைக்கும் ஒவ்வொருவரும் அலாரம் கண்டுபிடித்தவரை நினைவுகூர வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை.

2. ஒருவருடைய தனி முறையைப் பார்த்து நாம் செய்தால், அவர் பெயரைச் சொல்ல வேண்டும். பார்ப்பவர் கண்ணிலோ காதிலோ படும் இடத்தில் சொல்ல வேண்டும். டிஸ்கிரிப்ஷனின் அடியில், யாரும் இறங்காத பாதாளத்தில் எழுதுவது பாதி மறைத்தலே.

3. ஒருவருடைய வீடியோத் துண்டு, வசனம், படம், மேப் ஆகியவற்றை அப்படியே எடுப்பதாயின் பெயர் மட்டும் போதாது, அனுமதியும் வேண்டும். அடுத்த வீட்டுக் கோழியைப் பிடித்துக் குழம்பு வைத்துவிட்டு, விருந்தில் அவர் பெயரை அறிவிப்பதால் அது ஹலாலாகிவிடாது. பெயர் சொன்னால் போதும் என்று சொந்தக்காரரே முன்கூட்டி அனுமதித்திருந்தால் அந்த நிபந்தனையை நிறைவேற்றினால் போதும். யூடியூபில் அவ்வாறு அனுமதிக்கும் ஏற்பாடும் இருக்கிறது.

4. எடுக்காதவரிடம் எடுத்ததாகச் சொல்வதும் பொய்யே. பெரிய சேனலின் பெயரைப் போட்டால் பார்ப்போர் கூடுவர் என்று அதனைத் தலைப்பில் இழுப்பது, பெயர் சொல்வதல்ல, பெயரை விற்பது.

5. முன்பு மறைத்துவிட்டவர் என்ன செய்வது? அடியார்களின் ஹக்கில் தவ்பா என்பது வருந்துவதோடு முடிவதில்லை. ஹக்கைத் திருப்பித் தரவும் வேண்டும். பழைய வீடியோவின் விவரத்தைத் திருத்தலாம். முதல் கமெண்டாக நிறுத்தி வைக்கலாம். அடுத்த வீடியோவில் வாயால் சொல்லலாம். அப்படியே எடுத்ததால் பணம் வந்திருந்தால் உரியவரிடம் பேசித் தீர்க்க வேண்டும். தேடியும் அவர் கிடைக்காவிட்டால் அவர் பெயரால் ஸதகா செய்ய வேண்டும்.

6. ஹராமான ஆட்டத்திற்குப் பெயர் சொல்வதால் அது ஹலாலாகாது. பந்தயம் கட்டி ஆடுவது சூதாட்டம். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையும் அவற்றின் விளம்பரத்தையும் 2025-ல் மத்திய அரசின் சட்டமும் தடை செய்தது. தொழுகையை மறக்கடிக்கும் ஆட்டத்தின் நிலையும் யாவரும் அறிந்ததே.

கொடுத்தவருக்கும் ஒரு சொல்

இப்பாடம் எடுப்பவருக்கு மட்டுமல்ல. தம் யோசனை எடுக்கப்பட்டதாக எண்ணுபவரும் கேட்க வேண்டும். ஒன்றுபோல் இருப்பதெல்லாம் திருட்டு அல்ல. இருவர் மனத்தில் ஒரே எண்ணம் தனித்தனியே உதிப்பதை அரபு இலக்கியவாணர்கள் 'தவாருதுல் கவாத்திர்' என்பர். விசாரிக்காமல், "திருடன்" என்று வீடியோ போட்டு, தம்மைப் பின்தொடர்வோரை ஏவிவிடுவது தீய எண்ணத்தையும் அவதூறையும் சேர்த்துச் சுமப்பதாகும். முதலில் தனியாக ஒரு செய்தி அனுப்பிக் கேட்கலாம். பெரும்பாலும் அதிலேயே காரியம் முடிந்துவிடும்.

இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள், மக்கள் தம் இல்மைப் பெற்றுக்கொண்டு, அதில் ஓர் எழுத்தைக்கூடத் தம் பெயரில் சேர்க்காதிருக்க வேண்டும் என்று விரும்பினார்கள். அது கொடுத்தவரின் பெருந்தன்மை. அதைக் காட்டி எடுத்தவர் தம் கடமையைத் தட்டிக் கழிக்க முடியாது. அவர்கள் மாணவர்கள் அப்படிச் செய்யவும் இல்லை. கொடுத்தவர் பெயரை எதிர்பாராதிருப்பது இக்லாஸ். எடுத்தவர் பெயரைச் சொல்லாமலிருப்பது துரோகம். இவ்விரண்டையும் அவரவர் தம் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டால் சச்சரவுக்கு இடமேயில்லை.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை வீடியோ செய்கிறான் என்றால், "எத்தனை பேர் பார்த்தார்கள்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இதை யாரிடம் கற்றாய்? அவர் பெயரைச் சொன்னாயா?" என்றும் கேளுங்கள். சிறு விஷயத்தில் இஸ்னாது சொல்லப் பழகியவன், நாளை தொழிற்சாலையில் உடன் வேலை செய்பவரின் யோசனையை மேலாளரிடம் தன்னுடையதாகச் சொல்ல மாட்டான்.

வல்ல நாயன் அல்லாஹ், பெற்றதை மறைக்காத நன்றியுள்ள நாவையும், செய்யாததற்குப் புகழ் தேடாத தூய உள்ளத்தையும் நம் அனைவருக்கும் நம் வாலிபர்களுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.